மூடி திறக்காத தட்டு

பெரில் ஹாவொர்த் அன்றைக்கு ஒரு தட்டைத் தூக்கி கிளைவின் முகத்தில் எறிந்தாள் என்று சொந்த நாட்டை விட்டு இங்கே குடியேறிய எங்களுடைய சங்கத்தில் இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். அது பொய். அந்தக் கூட்டத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் எதையும் எறியவில்லை. எறிந்திருந்தால் கிளைவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் என்ன செய்தாள் என்பது சரியாகப் பதிவாக வேண்டும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓல்டாமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையை இருபத்தாறு வருடம் நடத்தியவள் பெரில். மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் பரிமாறும் இடத்தில் நிற்கமாட்டாள். எச்சில் தட்டுகள் திரும்பி வரும் ஜன்னலருகில் நிற்பாள். "தட்டு நிறைஞ்சபடி திரும்பி வந்தா, ஒண்ணு சோத்துல கோளாறு, இல்ல பிள்ளைகிட்ட ஏதோ கோளாறு. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்பாள். அவள் கணவன் நார்மன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அதிகம் பேசாதவன். யாருக்கும் தொந்தரவு கொடுத்துவிடக் கூடாது என்பதைத் தவிர அவனுக்கு வேறு கொள்கை கிடையாது.

ஓய்வு பெற்ற வருடம் பிப்ரவரியில் ஒரு வார விடுமுறைக்கு, தெற்கே கடலோரத்தில் இருக்கும் இந்தக் காலா ரூபியாவுக்கு வந்தார்கள். ஓல்டாமில் சகதி, இங்கே நீல வானம். வீடு விற்கும் கிளைவ் சாட்டர்லி அவர்களைக் குன்றின் உச்சிக்குக் கூட்டிப்போய், ஒரு வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினான். ஜன்னல் முழுக்கக் கடல். தெருவிலிருந்து வாசலுக்கு அறுபத்தொரு படி. "உடம்புக்கு நல்லது" என்று கிளைவ் சொன்னான். நார்மன் மூச்சு வாங்காமல் ஏறினான். பேருந்து கீழேதான் நிற்கும். கேஸ் சிலிண்டர் வண்டியும் கீழேதான் நிற்கும். மருந்துக்கடையும் கீழேதான். வாங்கும்போது யாரும் கீழே பார்ப்பதில்லை.

பதினோரு வருடம் நன்றாகவே போயிற்று, இல்லையென்று சொல்லமாட்டேன். தக்காளியில் தக்காளி ருசி இருந்தது. நார்மன் புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் ஆட்டத்தில் இரண்டு முறை கோப்பையை ஜெயித்தான். ஆனால் அந்தப் பதினோரு வருடமும் அவர்கள் எங்கள் நடுவில்தான் வாழ்ந்தார்கள். எங்கள் சங்கம், எங்கள் ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சி, எங்கள் தேயிலை. உள்ளூர் மொழியில் பியர் கேட்கத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும். அதற்குமேல் எங்களில் பலருக்கும் தெரியாது.

ஓர் அக்டோபர் காலையில் நார்மன் எலுமிச்சை மரத்தடியில் விழுந்தான். பக்கவாதம். ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை நாற்காலியில் கட்டி, அறுபத்தொரு படியும் தூக்கி இறக்கினார்கள். வலது கை போயிற்று. பேச்சு குழறிப்போயிற்று. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் பெரிலிடம் தெளிவாகவே சொன்னார்: "இவர் சாப்பிட்டுத் தெம்பு ஏத்திக்கிட்டா எழுந்து உக்காருவார், வீட்டுக்குப் போகலாம். சாப்பிடலைன்னா மூக்குல குழாய்தான். அப்புறம் வீட்டுக்கு அனுப்புறது கஷ்டம், தூரத்துல ஒரு பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பணும்."

பெரில் தினமும் காலைப் பேருந்தில் போனாள். மதியத் தட்டுகள் வரும் சத்தம் கேட்டதும் எழுந்து கீழே கேண்டீனுக்குப் போய்விடுவாள். நாங்கள் விட்டு வந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதுதான் பழக்கம். சாப்பாட்டு நேரத்தில் பார்வையாளர்கள் வார்டில் நிற்கக் கூடாது, நர்சுகளுக்கு இடைஞ்சல். மாலை ஏழு மணிக்கு நார்மனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லும் வரை காத்திருப்பது மரியாதையல்ல என்று அவளே போய்விடுவாள். போகும்போது தன் பச்சைக் கம்பளிச் சட்டையை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் போவாள். நார்மன் கண் விழித்தால் அதைப் பார்த்து, இவள் வருவாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

ஒரு வாரத்தில் நார்மனின் கன்னம் ஒட்டிப்போயிற்று. நோயினால் என்று நினைத்தாள்.

எட்டாம் நாள் பேருந்துக்காரர்கள் வேலைநிறுத்தம். நான் காரில் அழைத்துப்போனேன். மதியம் கேண்டீனுக்கு இறங்கிய பிறகுதான் மூக்குக்கண்ணாடியை மேலே விட்டுவிட்டது அவளுக்கு நினைவு வந்தது. இருவரும் திரும்பி ஏறினோம்.

நார்மனுக்கு முன்னால் மேசையில் தட்டு இருந்தது. மூடி திறக்கவில்லை. அவன் அந்த மூடியைப் பார்த்தபடி இருந்தான். ஒரு பணிப்பெண் வந்து, சிரித்து, தட்டை எடுத்து வண்டியில் சொருகினாள்.

"வை அதை!" பெரிலின் குரலில் வார்டே அதிர்ந்தது. "வைடீ கீழே! இது ஆஸ்பத்திரியா, இல்ல பட்டினி போடுற ஜெயிலா? ஒரு வாரமா இப்படித்தான் திருப்பி எடுத்துட்டுப் போறீங்களா?"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பதில் அடுத்த கட்டிலிலிருந்து வந்தது. அங்கே விசெண்டே என்ற கிழவர் படுத்திருந்தார். அவர் மகள் அம்பாரோ கையில் கரண்டியோடு அவருக்குப் பருப்பு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவள். எங்கள் ஆங்கிலம் அவளுக்குத் தெரியும்.

"கத்தாதீங்கம்மா, எங்கப்பாவுக்குப் புரையேறும்" என்றாள். "அவளை ஏன் திட்டுறீங்க? இவ்வளவு நேரம் நீங்க எங்க போயிருந்தீங்க?"

"சாப்பாட்டு நேரத்துல வெளிய போகணும்ல? அதான் கேண்டீனுக்கு..."

"யார் சொன்னா?"

பெரில் யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

"இங்க தட்டைக் கொண்டாந்து வைப்பாங்க. ஊட்டுறது வீட்டு ஆளுங்க" என்றாள் அம்பாரோ. "ராத்திரி இந்த நாற்காலில தூங்குறது வீட்டு ஆளுங்க. ஆளே இல்லைன்னா இவங்களே ஊட்டுவாங்க, ஆனா ஆள் இல்லைன்னு சொல்லணும். உங்க சட்டை நாற்காலில கிடக்கு. பொண்டாட்டி காப்பி குடிக்கப் போயிருக்கா, இப்ப வந்து ஊட்டிடுவான்னு எல்லாரும் நினைச்சாங்க. நான் ஒருத்திதான் பாத்தேன், நீங்க சாயங்காலம் ஆனா கையை வீசிட்டுப் போறதை. நாயைக்கூட அப்படி விட்டுட்டுப் போகமாட்டோம் நாங்க."

"பாத்துட்டு வாயை மூடிட்டு இருந்தியா?"

"ரெண்டு தடவை நான் ஊட்டப் பாத்தேன். நாலு வாய்க்கு மேல வாங்கமாட்டேங்குறார். வெக்கம். உங்ககிட்ட சொல்லலாம்னா நீங்க என் மூஞ்சியையே பாக்கலை. காலைல வந்தா ஒரு வணக்கம் உண்டா?"

பெரிலின் கோபம் போக இடம் தேடியது. கட்டில் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல? பசிக்குதுன்னு ஒரு வார்த்தை?"

நார்மன் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினான். "தொந்தரவு... வேணாம்னு..."

"தொந்தரவா! பட்டினி கிடந்து நல்ல பேர் வாங்கப் பாத்தியா, முட்டாளே?"

அவள் தட்டை வண்டியிலிருந்து தானே உருவி எடுத்தாள். மூடியைத் திறந்தாள். அவசரத்தில் பாதிச் சூப் அவன் கழுத்துத் துணியில் போயிற்று. மீதி உள்ளே போயிற்று.

அதன்பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் சாய்வு நாற்காலியில் தூங்கினாள்; கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போயிற்று. காலையில் மட்டும் நான் போய் உட்கார்ந்தேன். ஓர் ஆளால் ஆகிற காரியமில்லை. அம்பாரோவுக்கு இரண்டு தம்பிகள், ஒரு சித்தி, மாமன் மக்கள் என்று முறை வைத்து வந்துகொண்டிருந்தார்கள். பெரிலின் மகள் கனடாவில் இருந்தாள். ஆனால் பெரிலுக்குச் சங்கம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை, புதிதாகக் குடிவர நினைப்பவர்களுக்குச் சங்கத்தில் ஒரு கூட்டம் நடக்கும். பேசுவது கிளைவ். வங்கிக் கணக்கு, வரி எண், நாய்க்குத் தடுப்பூசிச் சீட்டு, நம் ஊர் தொலைக்காட்சிக்கு எந்த டிஷ், நல்ல பன்றி இறைச்சி எந்தக் கடையில். பத்து வருடமாக அதே பேச்சு, அதே நகைச்சுவை. அன்று லெஸ்டரிலிருந்து வந்த ஒரு தம்பதி முன்வரிசையில் இருந்தார்கள். பெரில் கசங்கிய உடையோடு உள்ளே வந்து, கேட்காமலே எழுந்து நின்றாள்.

"நார்மன் பக்கத்துல ராத்திரி உக்கார ஆள் வேணும். வாரத்துக்கு ஒரு ராத்திரி, ஏழு பேர் போதும். யார் வர்றீங்க?"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்கு இருட்டில் கார் ஓட்டப் பயம். பொருளாளரின் மனைவி, "நல்ல பூக்கூடையா ஒண்ணு அனுப்பிடலாம் பெரில்" என்றாள்.

"பெரில்மா," என்றான் கிளைவ், மேடையிலிருந்து சிரித்தபடி, "இதை அப்புறம் தனியாப் பேசலாமே. வந்தவங்களைப் பயமுறுத்தாதே."

"உனக்குத் தெரியுமா கிளைவ்? இங்க வீட்டு ஆளுங்கதான் ஊட்டணும்னு?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சும் சொல்லலையா? நாய்க்கு ஊசி எங்க போடணும்னு சொல்றே. மனுஷன் விழுந்தா யார் தூக்குவான்னு சொல்லமாட்டியா?"

"அதையெல்லாம் சொன்னா யார் வீடு வாங்குவா?" என்றான் அவன். வேடிக்கையாகத்தான் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவள் மேசையிலிருந்த கேக் தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். இன்னொரு தட்டை அதன்மேல் கவிழ்த்து மூடினாள். பிறகு அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினாள். இருபத்தாறு வருடம் அண்டா தூக்கிய கை அது. அவனால் அசைக்க முடியவில்லை.

"சாப்பிடு."

"பெரில், என்ன இது..."

"பேச்சும் கிடையாது உனக்கு. நாக்கு குழறும். சாப்பிடு."

அவன் இடது கையால் மேல் தட்டை நகர்த்தப் பார்த்தான். அது வழுக்கி, கேக்கோடு அவன் மடியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவள் கையை விட்டாள். "நார்மனுக்கு இப்படி ஒரு வாரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நடந்தது இவ்வளவுதான்.

லெஸ்டர்க்காரர் மட்டும் எழுந்து, "அந்தம்மா கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்? எங்க பக்கத்துல யார் உக்காருவாங்க?" என்று கேட்டார்.

சங்கத்திலிருந்து பூக்கூடை போயிற்று, நாற்பது கையெழுத்துள்ள நலம் வாழ்த்தும் அட்டையோடு. ஆள் போகவில்லை. கூடையில் மண் இருந்ததால் ஆஸ்பத்திரியில் அதை வார்டுக்குள் விட மறுத்தார்கள். பெரில் அதைப் பேருந்தில் திருப்பிக் கொண்டுவந்து சங்க வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இரவுகளில் அவளைத் தூங்கவைத்தது அம்பாரோ வீட்டார்தான். "நான் முழிச்சுத்தானே இருக்கேன், ரெண்டு கிழவனையும் பாத்துக்குறேன், நீங்க படுங்க" என்பாள் அம்பாரோ. அவள் அன்பாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. திட்டுவது போலத்தான் சொல்வாள். பெரிலும் திட்டுவது போலத்தான் நன்றி சொல்வாள்.

நார்மன் முதன்முதலாகத் தட்டைக் காலி செய்த நாளில் பெரில் அந்தத் தட்டைப் பணிப்பெண்ணிடம் கொடுக்கவில்லை. தானே வண்டி வரை எடுத்துப்போய், எல்லோரும் பார்க்கும்படி மேலடுக்கில் வைத்தாள். குழாய் தேவைப்படவில்லை. ஐந்து வாரத்தில் அவனை அனுப்பினார்கள். குன்றுக்கு அல்ல, அந்தப் படிகளை அவன் இனி ஏறமுடியாது. வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்று, மீன் சந்தைக்குப் பின்னால் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். நார்மன் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு ரொட்டிக்கடை வரை போவான். பெரில் அம்பாரோவிடம் உள்ளூர் மொழி கற்றாள். மோசமாகப் பேசுவாள், ஆனால் சத்தமாகப் பேசுவாள்.

அடுத்த வசந்தத்தில் கிளைவ் தன் வீட்டுப் படியிலேயே சறுக்கி விழுந்து இடுப்பெலும்பையும் வலது தோளையும் முறித்துக்கொண்டான். மனைவி அவனை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. மகன்கள் ஆஸ்திரேலியாவில். சங்கத்தில் ஓர் அட்டை சுற்றிவந்தது. நான் கையெழுத்திட்டேன். மறுநாள் பெரில் என் கதவைத் தட்டினாள்.

"காரை எடுங்க எட்கர்."

"அவனுக்காகவா?"

"ஆமா, அந்த அயோக்கியனுக்காகத்தான். எடுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதியம். தட்டு மேசைமேல் இருந்தது, மூடியோடு. நாற்காலியில் கிளைவின் மேல்சட்டை கிடந்தது. பெரிலைப் பார்த்ததும் அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இங்க திரும்பு. வாயைத் திற."

"பெரில்மா, அன்னிக்கு நான்..."

"பேசாதே, மெல்லு. இப்ப தெரியுதா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு திட்டு. "அறுபத்தொரு படி. உடம்புக்கு நல்லதுன்னே. இந்தா."

"நல்லாயிருக்கு" என்றான் அவன் முனகலாக.

"நல்லால்ல. உப்பே இல்ல. சாப்பிடு."

தட்டு காலியாயிற்று. அவன் கண்ணில் நீர் நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"நாளைக்கும் வருவியா?"

"நாளைக்கு எட்கர் வருவார். ராத்திரிக்கு யாரு? எந்தச் சங்கம்?"

பெரில் நாற்காலியிலிருந்த மேல்சட்டையை எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு நர்சுகளின் மேசைக்குப் போய், தனக்குத் தெரிந்த உள்ளூர் மொழியில், மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அந்த ஜன்னலோரக் கட்டில்காரருக்கு யாரும் இல்லை. நீங்கதான் ஊட்டணும்."