தீர்க்கதரிசிகளுக்கு எந்தப் படி?

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ராமசேஷன் மாமா இந்த வருஷக் கொலுவில் புதிதாக ஒரு படி சேர்த்தார். அட்டையில் எழுதியும் ஒட்டினார் - 'தீர்க்கதரிசிகள்.'

2. லஸ் முனை பிளாட்பாரத்தில் புத்தர், மகாவீரர், இயேசு மூவரும் ஃபிரேமோடு கிடைத்தார்கள். நான்காவது படம் கிடைக்கவில்லை.

3. மாமா மாடிப்படி ஏறி, அங்கே குடியிருக்கும் ஜமீலாவிடம், "உங்க நபி படம் ஒண்ணு இருந்தா குடும்மா, கொலு முடிஞ்சதும் பத்திரமாத் திருப்பித் தந்துடறேன்" என்று கேட்டார்.

4. அப்படி ஒரு படமே கிடையாது என்றாள் ஜமீலா.

5. "அதனாலென்ன, பொம்மையாப் பண்ணச் சொல்லிட்டாப் போச்சு" என்றார் மாமா.

6. ஜமீலாவின் பதினொரு மாத வாடகை அக்ரிமெண்ட் இந்த மாதத்தோடு முடிகிறது.

ஐந்தும் ஆறும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததுதான் சங்கடம்.

ஜமீலா பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறாள். கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில். அபிராமபுரத்தில் இந்த மாடி கிடைப்பதற்கு முன்னால் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் எல்லாம் அலைந்து பார்த்தவள். எல்லா இடத்திலும் ஒரே அதிசயம் - போர்ஷன் காலியாக இருக்கும். இவள் பெயரைச் சொன்னதும் நிரம்பிவிடும். மாமா ஒருவர்தான் சாவியைக் கொடுத்தார்.

கொடுத்ததை அவர் மறக்கவில்லை. தெருவையும் மறக்க விடவில்லை. "நம்மாத்து மாடியில யார் இருக்கா தெரியுமோ?" என்று பால் பூத் க்யூவில் ஆரம்பித்தாரானால் பால் தீர்ந்த பிறகுதான் முடிப்பார்.

பின்போர்ஷனில் இருப்பவள் நான். எலக்ட்ரிகல் என்ஜினீயர் என்பதால் கொலுவுக்கு சீரியல் லைட் போடுவது வருஷா வருஷம் என் தலையில் விழும். தேனாம்பேட்டை ஆபீஸில் ஃபாக்டரிக்கு வயரிங் டிராயிங் போடுகிறவள், வீட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் பல்பு கட்டுகிறேன். அப்படிக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார்.

"நீ படிச்சவ, அவளுக்கு எடுத்துச் சொல்லு. நம்மாத்துல எல்லாரையும் ஒண்ணாத்தான் பார்க்கறோம். நமக்குத் தசாவதாரம் மாதிரிதானே அவாளுக்கும்? ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்திருக்கா."

கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிட்டது. மாமாவுக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றே ஒன்று - பெரியவர் யாரானாலும் மேலேயிருந்து இறங்கி வந்திருப்பார். அவருக்கு முகம் உண்டு. முகம் உண்டென்றால் பொம்மை உண்டு. பொம்மை உண்டென்றால் படியில் இடம் உண்டு. உலகத்து மதங்கள் எல்லாம் நம் வீட்டுப் பெட்டியில்தான் அடங்கியாக வேண்டும் - அடங்கவில்லையென்றால் தப்பு பெட்டியுடையதா?

அன்று சாயங்காலம் என்னோடு வேலை பார்க்கும் மெர்ஸி சுண்டலுக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். புதுப் படியைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"மாமா, ஏசப்பாவ ஏன் இந்தப் படியில வச்சிருக்கீங்க?"

"ஏன், தீர்க்கதரிசிதானே?"

"இல்ல மாமா. ஏசாயா, எரேமியா, இவங்கல்லாம் தீர்க்கதரிசிங்க. ஒருத்தர் வரப்போறார்னு சொன்னவங்க. இவர்தான் அப்படி வந்தவரு. தேவனோட குமாரன்."

வாசற்படியில் சுண்டல் தொன்னையோடு நின்ற ஜமீலா மெதுவாகச் சொன்னாள்: "எங்களுக்கு அவங்க நபிதான், மெர்ஸி. ஈஸா நபி. தகப்பன் இல்லாம மர்யமுக்குப் பொறந்தவங்க. ரொம்பப் பெரிய நபி. ஆனா மகன் இல்ல."

"மகன் இல்லன்னா எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு?"

"மகன்னு சொல்லிட்டா எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு?"

இருவரும் குரலை உயர்த்தவில்லை. சுண்டலும் நிற்கவில்லை. பேச்சு தாவீது ராஜாவுக்குப் போனது. அடுத்தவன் மனைவி மேல் ஆசைப்பட்டு அவர் செய்த பாவத்தைத் தங்கள் வேதம் மறைக்கவில்லை, அழுது மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்தே சொல்கிறது என்றாள் மெர்ஸி. "தாவூது நபி அப்படிச் செய்யவே மாட்டாங்க. நபிமாரை அல்லா அந்த மாதிரிப் பாவத்துலேருந்து காப்பாத்தி வச்சிருக்கான்" என்றாள் ஜமீலா. மீன் வயிற்றுக்குள் இருந்தவர் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள் - ஒருத்திக்கு யோனா, இன்னொருத்திக்கு யூனுஸ், மீன் ஒன்றுதான்.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "சண்டை வேண்டாம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல மாமா" என்றார்கள் இருவரும், சேர்ந்து.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். எங்கள் ஆபீஸிலும் சூப்பர்வைசர் உண்டு, சைட்டிலும் சூப்பர்வைசர் உண்டு. பதவியின் பெயர் ஒன்று என்பதற்காக ஒருவர் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைக்க முடியாது. ஜமீலாவுக்கு நபிமார் ஒரு தொடர். ஆதமிலிருந்து ஆரம்பித்து ஒரே செய்தியைக் கொண்டுவந்த மனிதர்கள். முகம்மது நபியோடு அந்தத் தொடர் நிறைவு பெற்றது, அதற்குப் பிறகு நபி கிடையாது. மெர்ஸிக்குத் தீர்க்கதரிசிகள் ஒரு வழி. அந்த வழி போய்ச் சேருகிற இடம் இயேசு. ஒருத்திக்குக் கொண்டுவந்த செய்தி முக்கியம். இன்னொருத்திக்கு வந்தவரே செய்தி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தொன்னை சுண்டல் நேரம் போதுமானதாக இருந்தது. சர்வமத சமரசம் பற்றி நாலு சபாவில் பேசிய மாமாவுக்கு இத்தனை வருஷம் போதவில்லையா? யாரையும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மாமா விடவில்லை. "பொம்மைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனேம்மா."

"மாமா, நாயகம் மனுஷர். எல்லாரையும் போலப் பொறந்து, வியாபாரம் பண்ணி, இறந்தவங்க. அது மறந்துடக் கூடாதுன்னுதான் உருவம் வைக்கறதில்ல. நீங்க பொம்மை வச்சா மாலை போடுவீங்க."

"போடாம? ரோஜா மாலையே சொல்லியிருக்கேன்."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

"நான் மரியாதைதானே பண்றேன்?"

"தெரியும் மாமா. ஆனா பொம்மை வந்தா நான் போயிடறேன்."

சுண்டல் போட்டுக்கொண்டிருந்த மாமியின் கரண்டி நின்றது. ஜமீலாவின் கணவர் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்று அவளுக்கே தெரியாத வாரம் அது. கல்லூரியில் பரீட்சை. போவதற்கு இடம் கிடையாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மாமாவின் முகத்தில் கோபத்தைவிட அடிபட்ட வருத்தம்தான் அதிகம். வீடு கொடுத்தவர், படியும் கொடுக்கிறார், வேண்டாம் என்கிறாளே! எங்கள் தெருவில் தாராள மனசுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு நிபந்தனை - அவர்கள் கொடுப்பதை, அவர்கள் கொடுக்கிற மாதிரியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

முடிவு கட்டியவள் மாமி. "பொம்மைக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வாங்கோ. மாடி காலியாயிடுத்துன்னா அப்புறம் பால் பூத்துல நின்னுண்டு எதைப் பேசுவேள்?"

மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மெர்ஸியின் ஆட்சேபத்துக்கும் மதிப்புக் கொடுத்தார் - இயேசுவைத் தீர்க்கதரிசிகள் படியிலிருந்து எடுத்து, தசாவதாரத்தில் கல்கிக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்போ சரிதானே?" மெர்ஸி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கொலு முடிந்தது. புது அக்ரிமெண்டை மாமா தானே டைப் அடித்துக் கொண்டுவந்தார். எல்லாம் பழையபடிதான். கடைசியில் மட்டும் ஒரு புது ஷரத்து: 'குடித்தனக்காரர், வீட்டு உரிமையாளர் மேற்கொள்ளும் சர்வமத சமரச முயற்சிகளுக்கு மனமுவந்து ஒத்துழைக்க வேண்டும்.'

ஜமீலா இரண்டு தடவை படித்தாள். "மனமுவந்துன்னு டைப் அடிச்சு வேற வாங்கணுமா?" என்றாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அந்த வரியை அடித்தாள். கையெழுத்துப் போட்டு, அங்கே இருந்த என்னிடம் மாமாவுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வக்கீலைக் கேக்கணும்" என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

இதை எழுதும் இன்றைய நிலவரம்: ஜமீலாவின் கையெழுத்து இருக்கிறது, மாமாவின் கையெழுத்து இல்லை. மாதம் முடிய நாலு நாள் இருக்கிறது. மாடியில் புத்தகங்களை மட்டும் அவள் பெட்டியில் கட்டிவிட்டாள்.