ருசி பார்ப்பவரின் காலைச் சாப்பாடு

பிஸ்கட் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கடிப்பது. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதி கடித்து, கண்ணை மூடி மென்று, "போகலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் சரக்கு பொட்டலம் கட்டும் பக்கம் நகரும். "நிக்கட்டும்" என்றால் நிற்கும். தராசு ஒன்று சொல்லி நாக்கு வேறொன்று சொன்னால் நாக்கின் பேச்சே எடுபட வேண்டும் என்று, தொழிற்சாலையைத் தொடங்கிய பெரியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியவர் போய், அவர் மகள் முதலாளியம்மா ஆன பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. ருசி பார்ப்பவரின் சொந்தப் பெயரைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நாக்கு அண்ணன் என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

அந்த நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக அவர் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. வெறும் வயிற்றில்தான் ருசி தெரியும் என்பது அவர் கொள்கை. ஆனால் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் கடித்த பாதியோடு நிறுத்த மாட்டார். மீதிப் பாதியும் உள்ளே போகும். பிறகு மாதிரிக்கு வைத்த தட்டும் காலியாகும். நடுவில் சர்க்கரை தூக்கலாகத் தேநீர். மதியம் டப்பாவைத் திறந்து பேருக்குக் கிளறிவிட்டு மூடுவார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் இனிப்பாக ஏதாவது வாயில் போடாவிட்டால் எல்லோர் மேலும் எரிந்து விழுவார். கேட்டால், "தொழில் அப்படி" என்பார். போருக்குப் போய் வந்தவர் தழும்பைக் காட்டுகிற தோரணை அதில் இருக்கும்.

ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள், குறுக்கே புகுந்தாள்.

"காலையில என்ன சாப்பிடுறார்னு கேளுங்க டாக்டர்."

"காலையில நான் சாப்பிடுறதே இல்லைங்க" என்றார் அவர், பூமாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் போல.

"அப்ப தொழில் மேல ஏன் பழி போடுறீங்க? பசியோட போய் இனிப்புக்கு முன்னால உட்கார்ந்தா யாரா இருந்தாலும் தின்னுடுவாங்க. வயித்தை நிரப்பிட்டுப் போங்க" என்றார் மருத்துவர்.

மறுநாளிலிருந்து அவள் பொறுப்பு. காலையில் அவித்த முட்டை இரண்டு, ஒரு கிண்ணம் வேகவைத்த பயறு, வெள்ளரித் துண்டுகள். நாக்கு கெட்டுவிடும் என்று முனகினார்.

"வெந்நீர்ல வாய் கொப்பளிச்சுட்டுப் போங்க. நாக்கு ஒண்ணும் கழண்டு விழுந்துடாது."

தொழிற்சாலைக்குத் தேநீரும் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் போயிற்று; அதில் சர்க்கரையை ஒரே அடியாக அவள் நிறுத்தவில்லை. அவருக்குத் தெரியாமல் கரண்டியின் குவியலைத் தட்டினாள். பிறகு கரண்டியையே சின்னதாக மாற்றினாள். மாலைப் பசிக்கு வறுத்த கடலை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் தெருமுனைவரை நடந்துவிட்டு வருவார்கள். அவர் நடப்பார்; அவள் நடத்துவாள்.

மாதிரித் தட்டு மிச்சமாக ஆரம்பித்தது. முதலில் ஈ பார்த்தது, பிறகு தொழிலாளர்கள் பார்த்தார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லைக்கோட்டிலிருந்து இறங்கியிருந்தார். இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

ஒரு நாள் கடித்தவர், "சர்க்கரை கூட இருக்கு. நிக்கட்டும்" என்றார்.

கலவைக்காரர் சண்டைக்கு வந்தார். "அண்ணே, என் கையால நிறுத்துப் போட்டிருக்கேன். குண்டுமணிகூட ஏறியிருக்காது."

"உன் கை என்ன சொல்லுதுன்னு யாரு கேட்டா?"

சட்டப்படி நாக்கு ஜெயித்தது. சர்க்கரையைக் குறைத்தார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் கூடுதலாகத் தெரிந்தது. மறுபடியும் குறைத்தார்கள். கலவைக்காரர், "இப்படியே போனா மாவை மட்டும் சுட்டுக் குடுக்கலாம்ணே, மாட்டுக்காவது ஆகும்" என்றார்.

பெட்டிகள் கடைகளிலிருந்து திரும்பி வரத் தொடங்கின. முதலாளியம்மா, கலவைக்காரரையும் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். கவுன் போட்ட வயதில் அவரிடம் உடைந்த பிஸ்கட் வாங்கித் தின்றவள். இன்றும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். மேசை மேல் பிரித்து வைத்திருந்த பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதைக் கடிச்சுப் பாருங்க மாமா."

கடித்தார். முகம் கோணியது. "என்னம்மா இது, பாகுல முக்கி எடுத்த மாதிரி. இதை எவன் அனுப்பினான்?"

"நீங்கதான். ஒரு கடையில அடியில கிடந்த பழைய சரக்கு. உங்க நாக்கு 'போகலாம்'னு சொன்னது."

அவர் மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"உடம்பு நல்லாயிருக்கிறது எனக்கும் சந்தோஷம்தான் மாமா. ஆனா இந்தப் பிஸ்கட்டை வாங்குறவங்க எல்லாம் காலையில முட்டையும் பயறும் சாப்பிட்டுட்டு வர்றதில்லையே. எனக்கு அந்தப் பழைய நாக்கு வேணும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா, அந்த நாற்காலியில வேற ஆளைத்தான் உட்கார வைக்கணும்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். "கொஞ்ச நாளைக்குப் பழையபடி சாப்பிட்டுப் பார்க்கட்டுமா?"

மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "நாக்கை அவங்ககிட்ட அடகு வச்சிருக்கலாம். மத்ததெல்லாம் என் பொறுப்புல இருக்கு."

இருந்தாலும் மறுநாள் வேலை முடிந்ததும் அடுமனை ஒன்றில் நுழைந்து, கிரீம் வைத்த கேக் ஒன்றை வாங்கினார். முதல் வாய் போயிற்று. இரண்டாவது வாய் தொண்டையிலேயே நின்றது. உண்ணாவிரதத்தை முடிக்கத் தெரியாதவர் மாதிரி கேக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் நிறுத்த முடியாத ஒன்றை இப்போது தொடங்க முடியவில்லை. இதை ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. சொன்னால் வேலை போகும்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போய், "வேற ஆளைப் பாரும்மா. என்னால முடியலை" என்று சொல்லிவிட்டார்.

கூடவே வந்திருந்த கலவைக்காரர் தலையைச் சொறிந்தார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். நாக்கு போனா போகட்டும், அண்ணன் மூஞ்சி நல்லா வேலை செய்யுது. முந்தாநாள் பழைய சரக்கைக் கடிச்சப்ப பார்த்தீங்களா?"

முதலாளியம்மா சிரிக்கவில்லை, யோசித்தாள். மூன்று தட்டு வைக்கச் சொன்னாள். பழைய அளவுக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று, குறைவாக ஒன்று. எது எதுவென்று அவரிடம் சொல்லவில்லை. பழைய அளவுக்கு அவருடைய வலது கண் மட்டும் சுருங்கியது. கூடுதலுக்கு இரண்டு கண்ணும் சுருங்கித் தோளும் ஏறியது. குறைவுக்கு முகம் அசையவே இல்லை. தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

நாற்காலி அவருக்கே நின்றது. சட்டம் மட்டும் மாறியது. இப்போது அவர் கடிப்பார், துப்புவார், ஒன்றும் சொல்ல மாட்டார். எதிரே நிற்கும் கலவைக்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வலது கண். போகலாம்" என்பார். தன் பிழைப்பு முகம் சுளிப்பதில் ஓடுகிறது என்பதில் அவருக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். "என்கிட்ட நீங்க இத்தனை வருஷமா சும்மா சுளிச்சதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்க" என்று மனைவி சொன்னதும் வருத்தம் போய்விட்டது.

போன வாரம் ஒரு ஈடு இறங்கியது. கடித்தார். கண் சுருங்கவில்லை. மென்று விழுங்கிவிட்டு மீதிப் பாதியையும் வாயில் போட்டார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

"நிறுத்துங்கப்பா" என்று கத்திக்கொண்டே கலவைக்காரர் ஓடினார். கலவை இயந்திரத்தின் பக்கத்தில் சர்க்கரை மூட்டை பிரிக்காமலே கிடந்தது. அந்த ஈடு முழுவதையும் ஒதுக்கிக் குப்பைக்கு அனுப்பப் போனார்கள்.

"தூக்கிப் போடத்தானே போறீங்க" என்றார் ருசி பார்ப்பவர், மூன்றாவதை மென்றபடி. "எனக்குக் கொஞ்சம் கட்டிக் குடுங்க."