தௌகுப் பட்டறை திறக்கும் வரை

"...மண்டையோடு படம் போட்டு போர்டு நட்டிருக்கோம், சரிதான். உன் மாடு அதைப் படிச்சிட்டா மேயப் போகுது, தம்பி?"

வெயிலில் நின்று நின்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. கேட்ட அக்கா, எங்கள் ஊர் ஆயர் தாவாருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் களைமருந்து அடிக்கிற பெண்களை வேலை வாங்குகிற மண்டோர். மறுநாள் வேலை தொடங்க வேண்டிய இடத்தைக் காட்ட, ரோட்டோர மரத்தில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அதற்குள் என் மாடுகள் ரோட்டோரக் கான் வாய்க்காலைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டன.

வேறு எங்கே ஓட்டுவது? தை பிறந்ததிலிருந்து மழையில்லை. வீட்டுக்குப் பின்னால் போட்ட நேப்பியர் புல் முழங்கால் உயரத்தோடு நின்று, நுனி கருகிவிட்டது. வழக்கமாகப் புல் குறைந்தால், சோயாப் பாலை உறையவைத்துத் தௌகுக் கட்டி செய்கிற சீனர் பட்டறையிலிருந்து சோயாச் சக்கை வரும். சீனப் பெருநாள் வந்தால் அதுவும் நின்றுவிடும். "நம்ம வீட்டு மாடுங்கதான் சீனப் பெருநாளுக்கு விரதம் இருக்குதுங்க" என்பாள் என் வீட்டுக்காரி. இந்த வருஷம் கெட்டிக்காரத்தனமாக முன்கூட்டியே சக்கையை வாங்கித் பிளாஸ்டிக் பீப்பாய்களில் தோம்பு தோம்பாக நிரப்பி வைத்தேன். அடித்த சூட்டில் மூடியைத் திறக்க முடியாத அளவுக்குப் புளித்துவிட்டது. எல்லாவற்றையும் குழிவெட்டிக் கொட்டினோம். தீவனக் கடைக்குப் போனால், "புண்ணாக்கு ஹாபிஸ் லா அண்ணே, தீந்துபோச்சு, லாரிக்காரனும் பெருநாளுக்குப் போயிட்டான்" என்று கையை விரித்தார் கடைக்காரர். பிறகு வாழைத்தண்டுதான். வெட்டி வெட்டி எனக்குத் தோள் இறங்கிவிட்டது, மாடுகளுக்கு வயிறு ஏறவில்லை.

அக்கா என் மாடுகளில் சினையாக இருந்த பசுவைப் பார்த்தார். அது நின்ற இடத்திலேயே புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"எப்பக் கன்னு போடும்?"

"அடுத்த மாசம்க்கா. காலையில தானா எந்திரிக்க மாட்டேங்குது. நான் முன்னால பிடிச்சு, வீட்டுக்காரி பின்னால தூக்கிவிட்டாத்தான் நிக்குது."

"எலும்பை எண்ணலாம் போல இருக்கே. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தேன். "மருந்து அடிக்கிறதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்க்கா."

"எங்கப்பன் தோட்டமா இது? ஆபீஸ்ல நாளைக்கு ஆரம்பிக்கச் சொல்லியாச்சு. ஆரம்பிச்சுத்தான் ஆகணும் லா. நீ உள்ள, பின்பக்கமா ஓட்டிக்க."

"முன்பக்கம் மருந்து அடிச்சிட்டா அதைத் தாண்டித்தானே ஓட்டணும்? பசிச்ச மாடுக்கா, போற வழியிலேயே வாய் வச்சிரும். இந்தப் பசு அவ்வளவு தூரம் நடக்கவும் நடக்காது."

அக்கா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அவருக்கும் அலுப்புதான். காலையிலிருந்து முதுகில் மருந்து டப்பாவோடு நடந்தவர்.

"பட்டறை எப்பத் திறக்குறான்?"

"சாமி கும்பிட்டு வியாழக்கிழமை திறக்குறானாம்."

அக்கா செம்பனைக் காட்டின் அந்தக் கோடி வரை பார்த்தார். "தண்ணி டாங்கி ரோட்டோரமாத்தான் நிக்கும், தெரியுமில்ல? அதனாலதான் எப்பவும் இந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கிறது. அங்கேயிருந்து ஆரம்பிச்சா, ஒவ்வொரு டப்பாவுக்கும் தண்ணிய இங்கேயிருந்து தூக்கிட்டுப் போகணும். என் பொம்பளைங்க வாயில நான் விழுந்து எந்திரிக்க முடியுமா?"

"முடியாதுதான்க்கா."

உண்மையாகவேதான் சொன்னேன். அதற்குமேல் கெஞ்ச எனக்குத் தெம்பும் இல்லை. மாடுகளைத் திருப்பக் கம்பை எடுத்தேன். பசு தலையைத் தூக்காமல் மென்றுகொண்டே இருந்தது.

"அடியேய், மெல்லத் தின்னு. விக்கிக்கப் போவுது" என்று அதை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, அக்கா ரோட்டோர மரத்துச் சிவப்புக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, காட்டின் அந்தக் கோடிக்கு நடந்தார்.