ஏழாம் எண் அறையும் வாசல் சோபாவும்

எகிப்தின் தெற்கே சோஹாக் பக்கத்தில் யாரையாவது வைத்தியத்துக்கு கெய்ரோ கூட்டிப்போக வேண்டுமென்றால், முதலில் டாக்டர் யாரென்று விசாரிப்பார்கள். அடுத்தபடியாக இன்சாஃப் ஊரில் இருக்கிறாளா என்று விசாரிப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்துமூன்று வருடம் தினக்கூலி ஆயாவாக இருந்தவள் அவள். கடைசிவரை வேலை நிரந்தரம் ஆகவில்லை, பென்ஷனும் கிடையாது. ஆனால் நோயாளியை எப்படித் திருப்புவது, எப்படித் தூக்குவது, எந்த முனகலுக்கு எழுந்து ஓடுவது, எதற்குப் பேசாமல் இருப்பது என்பதெல்லாம் கைவந்துவிட்டது. வேலை நின்றபின் துணைக்குப் போகத் தொடங்கினாள். ரயில் டிக்கெட், சாப்பாடு, கைச்செலவு. அவ்வளவுதான் கேட்பாள்.

“டாக்டர் பாக்கறது கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நோயாளி ஹோட்டல்லதான் கிடக்கணும். ஹோட்டல் சரியில்லன்னா மருந்து என்ன செய்யும்?” என்பாள்.

அவள் ஹோட்டல் பார்க்கும் விதம் தனி. வாடகை கேட்பதற்கு முன் லிஃப்டில் ஏறி இறங்குவாள். அறைக்குள் போனதும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கை நீட்டிக் காத்திருப்பாள். தலையணையைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்வாள். கதவுப்பிடியை எண்ணெய்க் கையோடு திருக முடியுமா என்று பார்ப்பாள். இவ்வளவும் ஆனபிறகுதான் “எவ்வளவு?” என்று கேட்பாள். சொல்கிற தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த மார்ச் மாதம் அவள் கூட்டிவந்தது அப்துல் ஷாஃபியை. அவளை விவாகரத்து செய்த கணவன். லிபியாவுக்கு வேலைக்குப் போய், எட்டு வருடம் கழித்து இன்னொரு மனைவியோடு திரும்பியவன். அந்த மனைவி இறந்துவிட்டாள். அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரில் நிற்பது ஆளா கதவா என்று தெரியவில்லை. மகள் நாஹித் குவைத்திலிருந்து போன் செய்து, “நீதாம்மா போகணும். வேற யாரு போவாங்க?” என்றாள். இன்சாஃப் யோசித்துப் பார்த்தாள். வேறு யாரும் இல்லைதான். நோயாளி என்றால் நோயாளி. கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை. கண்ணைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் அவனுடைய சர்க்கரையைப் பற்றித்தான். இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். விடியும் நேரத்தில் சிலநாள் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். கூப்பிடமாட்டான், வியர்த்துக்கொண்டே சத்தமில்லாமல் நினைவு தப்பிவிடுவான். பக்கத்தில் காது கேட்கும் தூரத்தில் ஒரு ஆள் வேண்டும். போன மாதம் அடுத்த வீட்டுக்காரன் தற்செயலாகக் கதவைத் தட்டியதால் பிழைத்தான்.

நாஹித் போனில் படம் பார்த்து ஒரு ஹோட்டல் பதிவு செய்திருந்தாள். படத்தில் படுக்கை பளபளத்தது. நேரில் நான்காவது மாடி. லிஃப்ட் கதவில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற அட்டை; அட்டையே பழுத்து மஞ்சளாகிவிட்டிருந்தது. இன்சாஃப் படியில் கால் வைக்கவில்லை. அப்துல் ஷாஃபியின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

“எவ்வளவு தூரம்?” என்றான் அவன்.

“லிபியா அளவு இல்ல. நட.”

இரண்டாவது ஹோட்டல் ஒரு பழைய பெரிய கட்டடத்தின் நான்காம் மாடி. லிஃப்ட் ஓடியது. தண்ணீர் சுட்டது. தலையணையில் சோப்பு வாசம். விலையும் படிந்தது. மீசைக்கார குமாஸ்தா பேனாவை எடுத்தபடி, “ஹாஜ்ஜா, கல்யாணப் பத்திரம்?” என்றார்.

உள்நாட்டு ஆணும் பெண்ணும் ஒரே அறை கேட்டால் பத்திரம் கேட்பார்கள் என்று இன்சாஃபுக்குத் தெரியாதா? அதற்காகவே பழைய பத்திரத்தைப் பெட்டி அடியிலிருந்து எடுத்துவந்திருந்தாள். மடிப்பு கிழிந்துவிடாமல் பிரித்து வைத்தாள்.

“மாஷா அல்லா, முப்பத்தெட்டு வருஷம்!” என்றார் குமாஸ்தா. “இந்தக் கட்டடத்துக்குக் கடைசியா பெயிண்ட் அடிச்சது அப்பத்தான். அட்டையைக் குடுங்க, எழுதிக்கறேன்.”

அடையாள அட்டையை நீட்டியபிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருபது வருடமாக அந்த அட்டையில் ‘மணமானவர்’ என்றே இருந்தது. மாற்ற அவளுக்கு நேரமில்லை, யாரும் கேட்கவுமில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா போன வருடம் காலமானார். விவாகரத்தான மகளுக்கு அவர் பென்ஷன் வரும் என்றார்கள். ஓடிப்போய் அட்டையை மாற்றிக்கொண்டாள். பத்திரத்தை ஞாபகமாக எடுத்தவள் அட்டை மாறியதை மறந்துவிட்டாள்.

குமாஸ்தா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஹாஜ்ஜா, பத்திரம் ஒண்ணு சொல்லுது, அட்டை வேற சொல்லுதே.”

“அவருக்குக் கண்ணு தெரியல. எனக்கு அறுபத்திரண்டு வயசு. எங்ககிட்ட உங்களுக்கு என்ன பயம்?”

“எனக்கு என்ன பயம்? சாயங்காலம் இந்த ரிஜிஸ்டர் போலீஸுக்குப் போகும். அவங்க வயசா பாப்பாங்க? ரெண்டு ரூமாப் போட்டுடறேன். ஒண்ணு முன்பக்கம், ஒண்ணு பின்கட்டுல.”

“விடியக்காலம் இவருக்கு சர்க்கரை இறங்கினா?”

“ரூம்ல போன் இருக்கே.”

“மயங்கிக் கிடக்கறவன் போன் பண்ணுவானா?”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்துல் ஷாஃபி தொண்டையைக் கனைத்தான். “அப்போ திரும்பக் கட்டிக்கறேன். நிக்காஹ் எழுதறவரு பக்கத்துல யாராச்சும் இருப்பாரு.”

“அடுத்த தெருவுலயே இருக்காரு. ரெண்டு ரூமைவிட மலிவாத்தான் முடியும்” என்றார் குமாஸ்தா.

“எனக்கு மலிவில்ல” என்றாள் இன்சாஃப். “கட்டிக்கிட்டா அப்பா பென்ஷன் நின்னுடும். உன்னை நம்பி ஒருதடவை இருந்தது போதும் நாஹித் அப்பா.”

குமாஸ்தா சிரித்துவிட்டார். சிரித்த தோஷமோ என்னவோ, கிழவனுக்கு ஒரு தேநீர் வரவழைத்தார். “ஆறாவது மாடியில மதாம் இவெட் விடுதி இருக்கு. அதுவும் இதே லிஃப்ட்தான். கேட்டுப் பாருங்க. ஆனா அந்த அம்மா எங்களைவிடக் கறார்.”

ஆறாம் மாடி விடுதி ஒருகாலத்தில் குடும்பம் நடத்திய வீடு. நடுவில் கூடம், சுற்றிலும் எட்டு அறைக் கதவுகள். மதாம் இவெட் மேசைக்குப் பின்னால், வீங்கிய காலை முக்காலியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இன்சாஃப் இந்தமுறை பத்திரத்தை எடுக்கவேயில்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னாள்.

“முடியாது” என்றார் மதாம். “நாப்பது வருஷமா ஒரு தப்புப்பேச்சு இல்லாம நடத்தறேன். உங்க ரெண்டு பேருக்கு ஒரே ரூம் குடுத்தா நாளைக்கு ஊரே கேட்கும்.”

இன்சாஃப் வாதாடவில்லை. காலியாகத் திறந்திருந்த ஏழாம் எண் அறைக்குள் போனாள். குழாய், தலையணை, கதவுப்பிடி எல்லாம் சரியாக இருந்தன. வெளியே வந்தாள். கதவுக்கு நேர் எதிரே கூடத்தில் ஒரு சோபா. அதிலிருந்து கட்டில்வரை கால் வைத்து எண்ணினாள். ஆறு அடி.

“மதாம், கூடத்துல உட்காரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“உட்காரத்தானே சோபா போட்டிருக்கு.”

“நான் உட்காருவேன். காலைவரைக்கும். அவர் ரூம் கதவு திறந்தே இருக்கும். நீங்க இங்கேயிருந்தே பாக்கலாம்.”

மதாம் சோபாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கிழவனைப் பார்த்தார். “சோபாவுக்கு நான் வாடகை போட்டதே இல்ல.”

“போடாதீங்க. இப்ப எதுக்குப் புதுசா ஆரம்பிக்கணும்?”

“ரூம் வாடகையில குறைக்கமாட்டேன்.”

“காலையில அவருக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, அவிச்ச முட்டை?”

“முட்டை ஒண்ணு.”

“ரெண்டு. ஒண்ணு எனக்கு. அதுல மஞ்சள் கரு வேண்டாம், அவரே சாப்பிடட்டும்.”

மதாம் ரிஜிஸ்டரில் அப்துல் ஷாஃபியின் பெயரை ஏழாம் எண்ணுக்கு எதிரே எழுதினார். இன்சாஃபின் அட்டையையும் வாங்கி, பெயருக்கு நேரே ‘நோயாளியின் நர்ஸ், கூடம்’ என்று போட்டார். தன்னை யாரும் நர்ஸ் என்று எழுதி இன்சாஃப் பார்த்ததில்லை. ஆயா என்று திருத்த வாயெடுத்தவள், வேலை நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“அந்தக் காலை தொங்கவிடாதீங்க. உப்பையும் குறைங்க” என்று மட்டும் மதாமிடம் சொன்னாள்.

விடியற்காலை பாங்கு முடிந்த நேரம். திறந்த கதவு வழியாக வந்துகொண்டிருந்த குறட்டை நின்றது. சிலருக்கு சத்தம் கேட்டால் தூக்கம் போகும். இன்சாஃபுக்கு சத்தம் நின்றால் போகும். ஆறு அடி. அவன் நெற்றி நனைந்து சில்லிட்டிருந்தது. விரல் நுனியில் குத்தி, சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தாள். நாற்பத்தெட்டு. தோளை உலுக்கி, தலையை உயர்த்தினாள்.

“நாஹித் அப்பா, முழுங்கு. துப்பாதே. முழுங்கு.”

கொய்யாச் சாறு பாதி தாடியில் போயிற்று, பாதி உள்ளே போயிற்று. கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள். தொண்ணூறு.

“எங்க இருக்கேன்?” என்றான் அவன்.

“ஏழாம் நம்பர்ல. முட்டை வருது, எழுந்து உட்காரு.”

ஆஸ்பத்திரியில், எத்தனை மணிக்கு எவ்வளவு இறங்கியது, என்ன கொடுத்தாள் என்று காகிதத்தில் எழுதி நர்ஸின் கையில் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டு, இன்னொருமுறை சோதித்து, உள்ளே கூட்டிப்போனார். பத்தரைக்கெல்லாம் வலது கண்ணில் கட்டோடு வெளியே வந்துவிட்டான்.

மறுநாள் கட்டு பிரித்தார்கள். துணி மூட்டையை எடுப்பதற்காக விடுதிக்குத் திரும்பியபோது, அப்துல் ஷாஃபி கூடத்தின் நடுவில் நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். மதாமைப் பார்த்தான். கதவு எண்ணைப் படித்தான். பிறகு சோபாவைப் பார்த்தான். இரண்டு பேர் நெருக்கி உட்காரும் அளவு. ஒரு கை ஒடிந்து கயிறு கட்டியிருந்தது.

“இதுலயா ரெண்டு ராத்திரி படுத்த?”

“ஆமா.”

“கால் வெளியில நிக்குமே.”

“நின்னுது.”

அவன் அவள் கையிலிருந்த மூட்டையைத் தான் வாங்கிக்கொண்டான். அவளும் விட்டாள், கண் தெரிகிறவன் தூக்கட்டும்.

லிஃப்ட் வரும்வரை காத்திருந்தபோது மேசைப்பக்கம் திரும்பினாள். “மதாம், அடுத்த மாசம் எட்டாம் தேதி இடது கண்ணு. ஏழாம் நம்பரை எழுதிக்குங்க.”

“சோபா?”

“அதுவும்தான். அதுக்குள்ள அந்தக் கையை ஒட்டவைங்க.”