வழியனுப்பும் வேலை பார்த்த ரூத் அம்மா

ரூத் அம்மா நேற்று முன்தினம் காலையில் இறந்துவிட்டார்கள். சுகர்... அப்புறம் கிட்னி.

அவர்கள் கணவர் டேனியல் ஐயாதான் சென்னையில் இருக்கும் எனக்குப் போனில் சொன்னார். "அம்மா தவறிட்டாங்க ஷீபா. கெளம்பி வா. தாம்பரத்துல நின்னுக்கினு இருக்காத, லீவு நாளு, ஒரு பஸ்ஸும் நிக்காது. கிளாம்பாக்கம் போயி ஏறிக்கோ." மனைவி இறந்த செய்தியோடு பஸ் ரூட்டும் சொல்கிற மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தெரியாத நண்பர்களுக்கு... எங்கள் மிஷனில் இவர்கள் சீனியர் மிஷனரி தம்பதி. ஒலக்கூர், கெடார் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு வருடம் ஊழியம் செய்ய என்னைப் போல இளைஞர்கள் வருவோம். வரும்போது மாலை, பிரசங்கம், குரூப் போட்டோ எல்லாம் உண்டு. முடிந்து போகும்போது திண்டிவனத்தில் இந்த இரண்டு பேர் மட்டும்தான்.

எங்களை வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் அவர்கள் வேலை. துணி துவைத்து, பெட்டி கட்டி, டிக்கெட் போட்டு, விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடுவது வரை. சாயந்திர ரயிலுக்கு மத்தியானமே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார் ஐயா.

இப்போது ஐயாவே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அது மிஷன் வீடு, தம்பதியாக இருப்பவர்களுக்குத்தான் அந்த வேலையும் வீடும். யாரையும் குறை சொல்லவில்லை, சொல்லத் தெம்பும் இல்லை. ஓசூரிலிருந்து மகன் காரோடு வந்துவிட்டார். ஐயாவுக்குத்தான் போக மனசில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்.

கிளம்புகிற பிள்ளைகளுக்கு ஊர்க்காரர்கள் ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை மாவு, இந்த மாதிரி. எனக்கு, நான் ஊழியம் செய்த ஊர் அஞ்சலை அக்கா உயிரோடு ஒரு கோழியைக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றால் அழுதுவிடுவார். எங்கள் ஊர் மார்த்தாண்டம் வரைக்கும் ரயிலில் கோழியா... பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன்.

"வாங்கிக்க பாப்பா. ஆசையா குடுக்கறத வேணாம்னு சொல்லக்கூடாது. இங்க வுட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார்கள் ரூத் அம்மா.

பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஏற்கெனவே ஏழெட்டு கோழிகள். எல்லாம் எனக்கு முன்னால் போனவர்கள் விட்டுப்போனவை. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பிள்ளையின் பெயர்! "ஏ ஜான்சன், அந்தாண்ட போடா" என்று ஐயா ஒரு சேவலை விரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜான்சன் அண்ணன் இப்போது பாஸ்டர். இந்தப் பதிவைப் படிப்பார்... சாரி அண்ணா.

நான் ஊருக்குப் போன பிறகு அம்மாவிடமிருந்து போன் வரும். "ஷீபா அடையில உக்காந்துட்டா. உனக்கு எப்போ கல்யாணம்?" முதலில் கோழி, அப்புறம்தான் நான்.

உண்மையில் நான் சந்தோஷமாக வீடு திரும்பியவள் இல்லை. பி.காம் முடித்துவிட்டு இப்படிப் போய்விட்டாளே என்று அப்பா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. போன இடத்திலும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், ஆஸ்பத்திரிக்குத் துணை போனேன், டைபாய்டில் படுத்தேன். அவ்வளவுதான். அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவே வந்து பையை வாங்கிக்கொண்டார். "வந்துட்டியா மக்களே... போய்ச் சாப்பிடு" என்றார்.

என் கல்யாணத்தின்போதுதான் என்னைப் பெற்றவள் விஷயத்தைச் சொன்னாள். நான் கிளம்புவதற்கு முன்னாலேயே ரூத் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். "பொண்ணு ரொம்ப அசந்துபோயி வருதுங்க. இன்னா சாதிச்சேன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அதுவா சொல்ற வரைக்கும் கம்முனு இருங்க."

நேற்று அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் பழைய ஆட்கள் பேசிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் தெரிந்தது, எல்லார் வீட்டுக்கும் அந்தப் போன் போயிருக்கிறது. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

இன்று காலை ஐயாவின் பெட்டியை நாங்கள்தான் கட்டினோம். எங்களுக்கெல்லாம் கட்டிக்கொடுத்த மனிதர், ஒரே சட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், திரும்ப மடிக்கிறார். "பையனுக்கு ஷிப்ட் இருக்குது, ஜல்தி கெளம்பணும்" என்று சொல்கிறார். எழுந்திருக்கத்தான் இல்லை.

அம்மாவின் புடவைகளை என்ன செய்வது என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் ஜான்சன் அண்ணன் ஒரு புடவையை மட்டும் ஐயாவின் வேட்டிகளுக்கு நடுவில் வைத்து ஜிப்பை மூடினார். ஐயா பார்த்தார்.

காரில் உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா ஷீபா... அங்க போயி நான் இன்னா பண்றது?"

அம்மா இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் சீட் பெல்ட்டை மட்டும் போட்டுவிட்டேன். மகன் வண்டியை எடுத்தார்.

இதை பஸ்ஸில் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். இன்னும் செங்கல்பட்டு தாண்டவில்லை, ஒரே டிராபிக். உடம்பெல்லாம் வலி. தூக்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

சரி அம்மா... ஐயாவை அனுப்பிவிட்டோம்.