ஆடிட்டர் வாற அன்னைக்குப் போட்ட தீ

சுற்றுச்சூழல் சர்டிபிகேட் வேலையில, குப்பைய வார அஞ்சு நிமிசம் போதும். வாரினத எழுத அரை நாள் வேணும். ரெஜிஸ்டர் எழுதிக் கை நொந்தவியளுக்கு நான் சொல்லாண்டாம். கொல்லயில்ங்கிற ஊருல தென்னங்கயிற்றுக் கால்மிதி செய்யுற கம்பெனியில எனக்கு அந்த எழுத்து வேலையாக்கும். எங்க சரக்கு ஜெர்மனிக்குப் போவுது. சர்டிபிகேட் இல்லன்னா இனி எடுக்க மாட்டோம்னு அங்க உள்ளவன் சொல்லிட்டான். எடுக்கலன்னா எங்க முப்பது பொம்பளையளுக்கும் வேல போச்சு.

மனப்பாடம்

ஆடிட்டர் வந்தா யாருட்ட வேணும்னாலும் கேப்பாராம், "உங்க கம்பெனி கொள்கை என்ன?"ன்னு. அதனால மானேஜர் ஸ்டீபன் எல்லாரையும் நிறுத்திப் படிக்க வச்சாரு. "குப்பையக் குறைப்போம், தண்ணிய மிச்சம் பிடிப்போம், எதையும் எரிக்க மாட்டோம்." சாயம் முக்குற தங்கம் சண்டே ஸ்கூல்ல வசனம் சொல்லிப் பரிசு வாங்கினவ. அந்தப் பரிசு ஒரு சோப்பு டப்பா, இப்பவும் வச்சிருக்கா, அது போட்டும். கண்ண மூடிக்கிட்டு ஒரே மூச்சில ஒப்பிச்சா. பொறவு மெதுவா கேட்டா: "சாரே, இது எத்தனாம் அதிகாரம்?"

தராசு

தெனமும் நார்க்குப்பைய நிறுத்து எழுதணும். எங்க வீட்டுக்காரரு குன்னத்துகால் சந்தையில வாழக்குலை வாங்கும்போகூட இவ்வளவு கவனமா தராசப் பாக்க மாட்டாரு. ஒருநாள் காத்துல கொஞ்சம் பறந்துட்டு. நான் ஓடிப்போய்ப் பெறக்கிட்டு வந்து திரும்ப நிறுத்தேன். தங்கம் பாத்துட்டு நின்னா: "எக்கா, இந்தக் குப்பைக்கு உள்ள மரியாத எனக்கு எங்க வீட்டுல இல்ல கேட்டியளா!"

புகை

ஆடிட்டர் வாற அன்னைக்கு நானும் தங்கமும் நேரத்தோட வந்தோம். பாஸ்டர் வீட்டுக்கு வாறாருன்னா என்ன செய்வோம்? முற்றத்தத் தூத்து, கூட்டி வச்சுத் தீ போடுவோமில்லியா? கை தானா அதச் செஞ்சிட்டு. சாயம் வந்த பிளாஸ்டிக் கவரும் அதுல கெடந்திருக்கு. புகை எழும்பவும் கார் வரவும் சரியா இருந்து. ஸ்டீபன் முகம் வெளிறிப் போச்சு. "அம்மா, இத எழுதிராதீங்க"ன்னு காதுல சொன்னாரு. முப்பது பேரையும் நானும் நெனச்சேன். ஆனா புகை கண்ணு முன்னால நிக்குது, எப்படி மறைக்க? எழுதினேன்: 'காலைல குப்பை எரித்தது. காரணம்: ஆடிட்டர் வருகை.'

நாகர்கோவில்காரராக்கும் ஆடிட்டர். அந்த ரெஜிஸ்டர ரெண்டு தடவ வாசிச்சாரு. சின்னக் குறைன்னு குறிச்சு, இனி எரிக்காம இருக்க வழி பண்ணி எழுதி அனுப்பச் சொன்னாரு. பொறவு கண்ணாடியக் கழத்திட்டு எனக்க முகத்தப் பாத்தாரு: "அப்போ குற்றவாளி நானாக்கும், இல்லியாம்மா?"

அப்படி, எதையும் எரிக்க மாட்டோம்னு சுவரெல்லாம் ஒட்டி வச்ச கம்பெனிக்கு, எரிச்சத ஒழுங்கா எழுதி வச்சதுக்கு சர்டிபிகேட் கிடைச்சு.