அலமாரி மேல் நின்ற எக்ஸ்பி-55

அந்தப் படம் முதலில் பாயின் போனுக்குத்தான் வந்தது. பாய் கீழக்கரைக்காரர், மீனா பஜாரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். பர் துபாயில் நாங்கள் மூன்று பேர் இருக்கும் ரூமில் அவர்தான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். போனைப் பார்த்தார். அலமாரிக்கு மேலே பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வாங்கிப் பார்த்தேன். பஹ்ரைனில், குதைபியாவில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர் அனுப்பியது. மங்கலான படம். பின்பக்கம் காற்றாடி, மூக்கில் குட்டி இறக்கை, பின்னால் சாய்ந்த இரண்டு பெரிய இறக்கைகள், வால் கிடையாது. அடியில், 'பர் துபாயில் ஒரு பில்டிங்குக்குள் விழுந்த டிரோன். யாருக்கும் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் அனுப்பவும்' என்று எழுதியிருந்தது. இப்படி எழுதுகிற மேதைகள் நம் ஆட்களாகத்தான் இருக்க முடியும்.

அது டிரோன் இல்லை. நான் செய்த பொம்மை. அலமாரி மேல் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு வேலை கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்பு போடும் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கோடு போட்டுப் போட்டு அலுத்துப்போகிற மனசுக்கு ஒரு கிறுக்கு வேண்டும். என் கிறுக்கு, அமெரிக்காக்காரன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோதனைக்கென்று கட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்ட போர் விமானங்கள். ஜெயித்த விமானங்களைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. அவற்றுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எக்ஸ்பி-55 அப்படிக் கைவிடப்பட்ட ஒன்று. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே அங்கே ராணுவம் கம்பெனிகளைக் கூப்பிட்டு, வழக்கமான மாதிரி வேண்டாம், யாரும் பார்க்காத மாதிரி ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றது. கட்டத் தேர்வான மூன்று விமானங்களுக்குமே காற்றாடி பின்னால்தான். இதை வரைந்த கம்பெனி, ராணுவம் தயங்குகிறது என்று தெரிந்ததும், மரத்திலும் துணியிலும் மலிவாக ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டுக் காட்டியது. அதற்கென்று சொல்லியிருந்த புது இன்ஜின் வரவே இல்லை, வேறொன்றைப் பொருத்தினார்கள். சோதனையின்போது விமானம் தலைகீழாகப் புரண்டு பல ஆயிரம் அடி கல்லாக விழுந்தது. பைலட் குதித்துத் தப்பினார். குதிப்பவரைப் பின்னால் சுழலும் காற்றாடி வெட்டிவிடக் கூடாதே என்று, காற்றாடியையே கழற்றி எறிய ஒரு லீவர் வைத்திருந்தார்கள். தான் கட்டியதைத் தானே நம்பாத அந்த லீவருக்காகத்தான் நான் இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன். நானும் அந்த ஜாதிதான்; சுவிட்சை அணைத்துவிட்டு ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் படுக்க மாட்டேன். அவர்கள் குறையெல்லாம் சரிசெய்து முடிப்பதற்குள் ஜெட் வந்துவிட்டது, கதை முடிந்தது.

மாதக்கணக்கில் செய்தேன். சைட்டில் மிஞ்சிய ஃபோம் போர்டு, கீழே கபாப் கடையில் வாங்கிய குச்சி, பசை. மூக்குக் குட்டி இறக்கை அசையும். லீவரை இழுத்தால் காற்றாடி கழன்று விழும். அதைச் செய்து முடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் இந்த வருடம் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிற வருடமாக இல்லை. வளைகுடாவில் சண்டை; இந்தப் பக்கம் பறந்து வந்த எதையோ சுட்டு வீழ்த்தினார்கள் என்று செய்தி வரும். படம் எடுக்காதே, வதந்தி அனுப்பாதே, மீறினால் ஜெயில் என்று கூடவே எச்சரிக்கையும் வரும். அடுத்த தெருவில் யாரையோ போனோடு கூட்டிக்கொண்டு போனதாகப் பேச்சு. படம் எங்கள் ரூமில் இருந்து போனது என்று தெரிந்தால் ஜெயில், அப்புறம் விசா கேன்சல். பொம்மையைச் செய்தவன் நான் என்பதால் முதலில் நான். என்னோடு இருந்ததற்காக அந்த இரண்டு பேரும்.

"ஒடச்சுப் போட்டுரு தம்பி," என்றார் பாய். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு."

யார் படம் எடுத்தது என்று தெரியாமல் உடைக்க மாட்டேன் என்றேன். உடைத்தால் பொம்மைதான் போகும், எடுத்தவன் இருப்பான் அல்லவா? சொல்லும்போதே என் கண் மூன்றாவது ஆளிடம் போய்விட்டது. அவன் புதுக்கோட்டைப் பக்கம், எலெக்ட்ரீஷியன். சோறு வெந்தாலும் வீடியோ, சட்டை காய்ந்தாலும் வீடியோ. அவனைத் தவிர யார்? பாயும் அவனைத்தான் பார்த்தார். அவன் பாயைப் பார்த்தான். படம் பாய்க்குத்தானே முதலில் வந்தது என்று அவன் முணுமுணுத்ததும் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. காலையில் ஒரே சட்டியில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

நான் அவன் போனைக் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் திறந்து என் கட்டிலில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டான். ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தப் படம் இல்லை. அழித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் தொழில் புத்தி வேலை செய்தது. ஒரு பொருளின் படத்தைப் பார்த்தால் பார்த்த கண் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். படத்தில் இடது இறக்கை குறுகியும் வலது இறக்கை நீண்டும் இருந்தன, வயிறு தெரிந்தது. கீழிருந்து, ஜன்னல் பக்கமிருந்து எடுத்தது. பாயின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன், ஒத்துவரவில்லை. எலெக்ட்ரீஷியன் கட்டிலில் இருந்து பார்த்தால் அலமாரியின் பக்கவாட்டுதான் தெரிந்தது. ஜன்னலை ஒட்டிய என் கட்டிலில் அலமாரிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தினமும் வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிற மாதிரி. போனை நீட்டிப் பிடித்தேன். திரையில் என் தோளுக்கு மேலே, அச்சு அசல் அதே கோணத்தில், எக்ஸ்பி-55 நின்றது.

என் மனைவிக்குக் கால் போட்டேன். அவள் பட்டுக்கோட்டையில் இருக்கிறாள். படத்தைப் பற்றிக் கேட்டதும் மறைக்கவில்லை. திரையில் என் பின்னால் தெரிந்ததைப் படமெடுத்து, அதை மட்டும் வெட்டி, சவூதியில் அல் கோபாரில் வேலை பார்க்கும் தன் தம்பிக்கு அனுப்பி, இது என்னவென்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். மச்சினன் விசாரித்த லட்சணம், தன் ரூம் குரூப்பில் போட்டுக் கேட்டது. அங்கிருந்து அது குதைபியா போய், டிரோனாகி, பர் துபாய் திரும்பிவிட்டது.

"என்னக் கேட்டா சொல்லியிருப்பேனே," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"கேட்டேனே. அங்க குண்டு விழுதாமேன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னீங்க. போன வருசம் கால்ல தையல் போட்டப்பயும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னீங்க. நீங்க பேசுறத நான் கேக்குறதே இல்லைங்க. பின்னாடி என்ன தெரியுதுன்னுதான் பாப்பேன்."

எங்கள் ஆட்கள் எல்லோருமே வீட்டுக்குச் சொல்வது அந்த 'ஒண்ணுமில்ல'யைத்தான். காய்ச்சலோடு கிடந்தாலும் முகம் கழுவிக்கொண்டு சிரித்தபடி போனை எடுப்போம். அவர்களும் அதை நம்பித்தான் கேட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

தம்பியிடம் சொல்லி எல்லாவற்றையும் அழிக்கச் சொல் என்றேன். அது பொம்மை என்றும், கபாப் குச்சியில் செய்தது என்றும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"பொம்மைன்னா என் கண்ணு முன்னால ஒடைங்க."

பாய் போனை வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் விமானத்தை இறக்கினேன். லீவரை ஒருமுறை இழுத்தேன். காற்றாடி கழன்று மெத்தையில் விழுந்தது. இறக்கையை முழங்காலில் வைத்து ஒடித்தேன். எலெக்ட்ரீஷியன் திரும்பி வந்து துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டான். ஒரே குப்பைத்தொட்டியில் போடக் கூடாது, பிரித்துப் போட வேண்டும் என்றான். அவனுக்கும் என் புத்தி தொற்றிவிட்டது.

போனை வாங்கிக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சொல்ல வாயெடுக்கும்போது, எங்கோ தூரத்தில் வானம் அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி நின்றது. பாய் வாய்க்குள் ஏதோ ஓத ஆரம்பித்தார்.

"என்னங்க சத்தம்?"

"பக்கத்து ரூம் கதவு," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.